ஸ்பான்சர் லைசென்ஸ் ஆய்வுக்கு நிறுவனத்தைத் தயார்ப்படுத்துவது எப்படி: பிரிட்டனில் தொழில் நடத்துவோருக்கான வழிகாட்டி

பிரிட்டனில் வெளிநாட்டுப் பணியாளர் ஒருவரையாவது ஸ்பான்சர் செய்திருக்கும் நிறுவனத்தை, ஹோம் ஆபிஸ் எனப்படும் உள்துறை அமைச்சகத்தின் ஆய்வு அதிகாரிகள் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். சில சமயம் முன்கூட்டித் தேதி சொல்லி வருவார்கள். சில சமயம் சொல்லாமலே வருவார்கள். நேரில் வராமல், ஆவணங்களை அனுப்பச் சொல்லிக் காணொளி வழியாகவே ஆய்வை முடிப்பதும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. இப்படி ஸ்பான்சர் செய்வதற்கான அரசு அனுமதியான ஸ்பான்சர் லைசென்ஸைக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்குக் காத்திருக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

முன்பு லைசென்ஸை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் அந்தப் புதுப்பிப்பை ஒட்டித்தான் கோப்புகளைத் தூசி தட்டின. 6 ஏப்ரல் 2024 முதல் அந்தப் புதுப்பிப்பு நடைமுறையே இல்லை. அதனால் சுமை குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நாட்காட்டி பார்த்துக் கோப்புகளைச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்புத்தான் போயிருக்கிறது. ஆய்வுக்கான தயாரிப்பு இனி மாதாந்தரப் பழக்கமாக இருந்தால் மட்டுமே பயன்தரும்.

ஆய்வு அதிகாரி தடித்த கோப்புகளைக் கண்டு திருப்தியடைந்து போவதில்லை. அவர் மூன்று சாட்சியங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார். முதலாவது, நீங்கள் வழங்கிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில், அதாவது சிஓஎஸ்ஸில், எழுதியிருப்பது. இரண்டாவது, எச்எம்ஆர்சி எனப்படும் வரித்துறையிடம் நீங்கள் மாதந்தோறும் தாக்கல் செய்த சம்பளக் கணக்கு. மூன்றாவது, அந்தப் பணியாளர் தன் வேலையைப் பற்றித் தன் வாயால் சொல்வது. இவை மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் ஆய்வில் அஞ்சுவதற்கு அதிகம் இல்லை. ஒன்று மாறினாலும், மற்ற ஆவணங்கள் எவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும் அவை உதவமாட்டா. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்றையும் ஒத்துப்போகச் செய்வதைப் பற்றியதுதான்.

சிஓஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

உள்துறை அமைச்சகம் ஸ்பான்சர்களுக்கென நடத்தும் இணையதளமான ஸ்பான்சர் மேலாண்மைத் தளத்தில் நுழைந்து, ஒவ்வொரு பணியாளருக்கும் வழங்கிய சிஓஎஸ்ஸின் படியை எடுத்து வையுங்கள். பிறகு அதை வரி வரியாக இன்றைய உண்மையோடு ஒப்பிடுங்கள். பதவியின் பெயர், அந்தத் தொழில்வகைக்கு அரசு தந்திருக்கும் எண்ணான தொழில் குறியீடு, வேலையின் விவரம், ஆண்டுச் சம்பளம், வார வேலை நேரம், வேலை செய்யும் முகவரி ஆகிய ஆறும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றனவா என்பதே கேள்வி.

இவற்றுள் மிக அதிகமாகச் சிக்கலைக் கொண்டுவருவது வேலையின் விவரம். சந்தைப்படுத்தல் மேலாளர் என்று ஸ்பான்சர் செய்யப்பட்டவர், கடையில் ஆள் பற்றாக்குறை என்பதற்காக நாளின் பெரும்பகுதி கல்லாவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அது தற்காலிக ஏற்பாடாகத் தோன்றலாம். அதிகாரிக்கோ, இல்லாத பதவி ஒன்றைக் காட்டி ஆளை நாட்டுக்குள் கொண்டுவந்ததாகத் தோன்றும். பராமரிப்பு இல்லங்களிலும் இதே பிழை வேறு உருவில் வருகிறது. மூத்த பராமரிப்பாளருக்கும் பராமரிப்பாளருக்கும் தொழில் குறியீடுகள் வெவ்வேறு; மூத்தவர் என்று எழுதிவிட்டு, மேற்பார்வைப் பொறுப்பு எதையும் அவருக்குத் தராமல் இருந்தால் அந்தக் குறியீடு பொய்யாகிவிடும். ஆகவே வேலை விவரத்தைப் படிக்கும்போது, இந்தப் பணியாளர் கடந்த மாதம் முழுவதும் செய்த வேலைகளுக்கு நான் எந்தச் சான்றைக் காட்ட முடியும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட் பட்டியல், அவர் எழுதிய அறிக்கைகள், அவர் பெயரில் சென்ற மின்னஞ்சல்கள், குழுக் கூட்டக் குறிப்புகள் போன்ற அன்றாடச் சுவடுகளே இங்கே வலுவான சான்றுகள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, 22 ஜூலை 2025 முதல் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொதுவான கீழ்வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட், அல்லது அந்தத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட தொகை, இவற்றில் எது அதிகமோ அது. ஆனால் அதற்கு முன்பே விசா பெற்றவர்களுக்கும், சுகாதார, பராமரிப்புத் துறைப் பணியாளர்களுக்கும் வேறு வரம்புகள் உண்டு. ஆகையால் ஒரே எண்ணை எல்லோர் மீதும் பொருத்திப் பார்த்துப் பதற வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் சிஓஎஸ் எந்த விதியின்கீழ் வழங்கப்பட்டதோ அந்த விதியின்படி சரிபாருங்கள். கணக்கில் சேர்வது உறுதியளிக்கப்பட்ட அடிப்படைச் சம்பளம் மட்டுமே. ஓவர்டைம், டிப்ஸ், தங்குமிடத்துக்கான படி ஆகியவற்றைக் கூட்டி வரம்பை எட்டிவிட்டதாகக் காட்ட முடியாது.

சம்பளச் சீட்டில் ஒரு தொகையைக் காட்டிவிட்டு, அதில் ஒரு பகுதியைப் பணியாளரிடமிருந்து கையில் திரும்ப வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதைச் செய்பவர்களுக்கு இந்த வழிகாட்டியில் தயாரிப்பு எதுவும் இல்லை. உடனே நிறுத்த வேண்டும் என்பது ஒன்றே அறிவுரை. முதலாளி அரசுக்குச் செலுத்த வேண்டிய குடிவரவுத் திறன் கட்டணத்தை எந்த வடிவிலும் பணியாளர்மீது சுமத்தக்கூடாது. திறன்மிகு பணியாளர்களுக்கு 31 டிசம்பர் 2024 முதல் வழங்கப்பட்ட சிஓஎஸ்களில், அந்தச் சான்றிதழுக்கான கட்டணத்தையும் லைசென்ஸ் செலவையும்கூட அவர்களிடம் வசூலிக்க முடியாது. பழைய பிடித்தங்கள் ஏதும் சம்பளக் கணக்கில் தங்கியிருக்கின்றனவா என்று கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் என்றும் பயிற்சிச் செலவு என்றும் பெயர் மாறி அவை ஒளிந்திருக்கக்கூடும்.

வேலை முகவரியும் எளிதில் மறந்துபோகிற ஒன்று. இரண்டாவது கிளை திறந்ததும் பணியாளரை அங்கே அனுப்பியிருந்தாலோ, வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஏற்பாட்டை நிரந்தரமாக்கியிருந்தாலோ அது தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

பணியாளர் கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஸ்பான்சர் வழிகாட்டுதலின் பின்னிணைப்பு டி என்ற பகுதி, எந்த ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. அதை ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுங்கள். ஆவணங்கள் தாளிலும் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம். கேட்டவுடன் எடுத்துத் தரக்கூடிய நிலையில் இருப்பதுதான் முக்கியம். ஒருவரை ஸ்பான்சர் செய்யும் காலம் முழுவதும் அவருடைய ஆவணங்களைக் காக்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப் முடிந்த பிறகும் ஓராண்டு வரை, அல்லது அதற்குள் ஆய்வு அதிகாரி அவற்றைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை வைத்திருக்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்ததற்கான சான்று, தேசியக் காப்பீட்டு எண், கையெழுத்திட்ட ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்குச் சென்றதற்கான பதிவு, வேலைக்குத் தேவையான தகுதிச் சான்றுகள், விடுப்புப் பதிவு, இப்போதைய வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும், அவை மாறியிருந்தால் பழையவையும். வீட்டு முகவரிதான் பெரும்பாலான கோப்புகளில் பழையதாகக் கிடக்கிறது. பணியாளர் இரண்டு முறை வீடு மாறியிருப்பார். அலுவலகத்தில் அவர் வந்திறங்கிய முதல் வாரத்து முகவரியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் சேர்த்தாலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஆளெடுப்புச் சான்றுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் செய்து நிரூபிக்கும் பழைய கட்டாயம் 1 டிசம்பர் 2020 அன்றே நீங்கிவிட்டது. அதனால் ஆளெடுப்பு ஆவணமே வேண்டாம் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அது தவறு. விளம்பரம் கொடுத்திருந்தால் அதன் படி, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாரை நேர்காணலுக்கு அழைத்தீர்கள், நேர்காணல் குறிப்புகள் எங்கே என்றெல்லாம் இன்றும் கேட்பார்கள். விளம்பரம் இல்லாமல் எடுத்திருந்தால், அவரை எப்படிக் கண்டீர்கள், அவருக்குத் திறமை இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்தீர்கள் என்பதை விளக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி, எழுதிய நாளின் உண்மையான தேதியை இட்டு வைத்தால் அது நேர்மையான ஆவணம். பழைய தேதியிட்டு இன்று உருவாக்கும் நேர்காணல் குறிப்பு மோசடி ஆவணம். அப்படி ஒன்று பிடிபட்டால், மற்றக் கோப்புகளின் நம்பகத்தன்மையும் அதோடு போய்விடும்.

வேலை செய்யும் உரிமைச் சரிபார்ப்பு

ரைட் டு வொர்க் எனப்படும் இந்தச் சரிபார்ப்பு ஸ்பான்சர் செய்யப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று. நிறுவனத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் சேர்த்தே, வேலையில் சேரும் நாளுக்கு முன் அது நடந்திருக்க வேண்டும். தோற்றத்தையோ பேச்சையோ வைத்துச் சிலரை மட்டும் சரிபார்த்தால், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் வேறொரு வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெரும்பாலான வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு இப்போது அட்டை கிடையாது, இணையத்தில் பதிவாகியிருக்கும் இ-விசாதான். பிஆர்பி எனப்படும் பழைய குடியிருப்பு அனுமதி அட்டைகள் 2024 டிசம்பர் இறுதியோடு காலாவதியாகிவிட்டன. பணியாளர் தன் இ-விசாக் கணக்கிலிருந்து எடுத்துத் தரும் ஷேர் கோடையும் பிறந்த தேதியையும் கொண்டு, அரசின் இணையதளத்தில் முதலாளிகளுக்கென இருக்கும் பக்கத்தில் நீங்களே சரிபார்த்து, திரையில் தெரியும் படம் எதிரில் இருப்பவருடையதுதானா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமிக்க வேண்டும். பணியாளர் தன் கணக்கைத் திறந்து எடுத்து அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் சரிபார்ப்பாகாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால், எல்லாம் முறையாக இருந்தும் சட்டப் பாதுகாப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

விசா முடியும் தேதிகளை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதத்துக்கு முன்பே நினைவூட்டல் வரும்படி அமையுங்கள். நீட்டிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவரின் உரிமையைச் சில நேரங்களில் உள்துறை அமைச்சகத்தின் முதலாளிகளுக்கான சரிபார்ப்புச் சேவை வழியாக உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அது தரும் உறுதிக் கடிதம் ஆறு மாதத்துக்கே செல்லும். உரிமை இல்லாதவரைச் சரிபார்க்காமல் வேலைக்கு வைத்திருந்தால், 13 பிப்ரவரி 2024 முதல் ஒரு பணியாளருக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். மீண்டும் நடந்தால் 60,000 பவுண்ட் வரை. சிறு நிறுவனம் ஒன்றை மூடச்செய்ய இரண்டு பேரைப் பற்றிய கவனக்குறைவே போதும்.

அறிவிக்க வேண்டியவற்றை அறிவித்தீர்களா

பணியாளர் தொடர்பான மாற்றங்களைப் பத்து வேலை நாட்களுக்குள்ளும், நிறுவனம் தொடர்பான மாற்றங்களை இருபது வேலை நாட்களுக்குள்ளும் தளத்தில் தெரிவிக்க வேண்டும். பணியாளர் வேலைக்கு வந்து சேராமை, அனுமதியின்றித் தொடர்ச்சியாகப் பத்து வேலை நாட்களுக்கு மேல் வராமை, வேலையை விட்டுப் போதல், சம்பளக் குறைப்பு, பொறுப்பு மாற்றம், வேலை முகவரி மாற்றம் ஆகியவை முதல் வகை. நிறுவனப் பெயர், முகவரி, உரிமையாளர் மாற்றம், வேறு நிறுவனத்தோடு இணைதல், லைசென்ஸுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் விலகுதல் ஆகியவை இரண்டாவது. சம்பளமில்லா விடுப்பு ஓராண்டில் நான்கு வாரத்தைத் தாண்டினால், மகப்பேறு, நோய் போன்ற விலக்குகளுக்குள் வந்தாலன்றி, ஸ்பான்சர் செய்வதையே நிறுத்த வேண்டியிருக்கும். ஊருக்குப் போனவர் இன்னும் இரண்டு வாரம் கேட்டால் யோசியாமல் சரி என்று சொல்லிவிடுகிற முதலாளிகள் இந்த வரம்பை மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த அறிவிப்புகள் தவறுவதற்குத் தீய எண்ணம் காரணமாக இருப்பது அரிது. மேலாளருக்குத் தெரிந்த செய்தி, தளத்தில் நுழையும் உரிமை உள்ளவருக்குப் போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம். மாதத்தில் ஒரு நாளை முடிவுசெய்து, சம்பளக் கணக்கு போடுபவரும் ஷிப்ட் போடுபவரும் தளத்தைக் கையாள்பவரும் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, ஸ்பான்சர் செய்யப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, இந்த மாதம் என்ன மாறியது என்று கேட்டுக் குறிப்பெழுதுங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் அதையும் எழுதுங்கள். ஆய்வு நாளில் அந்தக் குறிப்பேடு, எந்தக் கொள்கை ஆவணத்தையும்விட அதிகம் பேசும்.

அங்கீகார அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

ஒவ்வொரு லைசென்ஸுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் அங்கீகார அதிகாரி உண்டு. தளத்தில் நிறுவனத்தின் பெயரால் நடக்கும் அனைத்துக்கும் அவரே பொறுப்பு. சிஓஎஸ்ஸை வழங்கியது வெளி ஆலோசகராகவே இருந்தாலும் பொறுப்பு மாறுவதில்லை. ஆய்வில் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள்: எத்தனை பேரை ஸ்பான்சர் செய்கிறீர்கள், அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம், ஒருவர் திடீரென வராமல் போனால் என்ன செய்வீர்கள், தளத்தில் நுழைய யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது? எல்லாம் என் வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார் என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. குடும்ப நிறுவனங்களில் வயதில் மூத்தவர் என்பதற்காகப் பெயரளவில் ஒருவரை இந்தப் பொறுப்பில் வைத்து, உண்மையில் மகனோ மருமகளோ வேலையைப் பார்ப்பதுண்டு. அப்படியிருந்தால், ஆளெடுப்புக்கு உண்மையிலேயே பொறுப்பான மூத்த பதவியில் இருப்பவர் பெயருக்கு மாற்றி, முறைப்படி அறிவித்துவிடுங்கள்.

தளத்தில் அன்றாட வேலைகளைச் செய்யும் முதல் நிலைப் பயனர் எனப்படுபவர்களில் குறைந்தது ஒருவராவது நிறுவனத்துக்குள்ளேயே வேலை செய்பவராக இருக்க வேண்டும். தளத்தின் கடவுச்சொல்லை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது; வேலையை விட்டுப் போனவரின் நுழைவுரிமையை அன்றே நீக்க வேண்டும்.

பணியாளர்களிடம் பேசுவது

ஆய்வு என்று ஒன்று நடக்கலாம், அதிகாரிகள் உங்களிடமும் பேசுவார்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதற்கு மேல் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதிலை அனுபவமுள்ள அதிகாரி இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்வார். அதைவிட முக்கியமாக, விசா உங்கள் கையில் இருக்கும் ஒருவரைப் பொய் சொல்லச் சொல்வது அவரை மிரட்டுவதற்குச் சமம். அவருடைய ஒப்பந்தத்தின் படியும் சிஓஎஸ் விவரமும் அவரிடமே இருக்கட்டும். தன் பதவி, சம்பளம், வேலை நேரம் ஆகியவை தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருப்பது அவருடைய உரிமை. ஏதேனும் முரண் இருந்தால் அதை உங்களுக்கு முதலில் சுட்டிக்காட்டுபவரும் அவராகத்தான் இருப்பார். பணியாளரின் பாஸ்போர்ட்டைப் பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். அது நவீன அடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே பார்க்கப்படுகிறது. அப்படிப் பார்ப்பது சரிதான்.

ஒத்திகையும் ஆய்வு நாளும்

ஆண்டுக்கு ஒருமுறையேனும், கோப்புகளைப் பராமரிக்காத வேறொருவரைக் கொண்டு ஒத்திகை நடத்துங்கள். அவர் ஏதேனும் மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்து, கோப்பையும் மூன்று மாதச் சம்பளப் பதிவையும் கேட்டு, எடுத்துத் தர எவ்வளவு நேரமானது என்று பார்க்கட்டும். குறைகள் தெரியவந்தால், அறிவிக்காமல் விட்டதைத் தாமதத்துக்கான காரணத்தோடு இப்போதே அறிவித்துவிடுங்கள். அதிகாரி கண்டுபிடிக்கும் குறையும், நீங்களே முன்வந்து திருத்திய குறையும் ஒரே எடை கொண்டவை அல்ல. சிக்கல் பெரிதாகத் தெரிந்தால், குடிவரவுச் சட்ட வழக்கறிஞரையோ பதிவுபெற்ற ஆலோசகரையோ அணுகுங்கள்.

வரவேற்பில் இருப்பவருக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: வந்தவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்வது, யாருக்கு உடனே போன் செய்வது, எந்த அறையில் அமரச் செய்வது, அங்கீகார அதிகாரி ஊரில் இல்லையென்றால் யார் பேசுவது. அதிகாரிகளை உள்ளே விட மறுப்பதோ, நாளை வாருங்கள் என்று தள்ளிப்போடுவதோ லைசென்ஸையே பறிகொடுக்க வழிவகுக்கும். கேட்ட ஆவணத்தைக் கொடுங்கள். எதைக் கொடுத்தீர்கள், என்ன கேட்டார்கள் என்பதை ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். தெரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்லாமல், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, எந்தத் தேதிக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால்

சிறு குறைகளுக்கு லைசென்ஸை முழுத் தகுதியான ஏ தரத்திலிருந்து பி தரத்துக்கு இறக்கி, கட்டணத்தோடு கூடிய திருத்தத் திட்டம் ஒன்றைத் தருவார்கள். பெரிய குறைகளுக்கு லைசென்ஸை இடைநிறுத்துவார்கள். இடைநிறுத்தக் கடிதம் வந்தால் எழுத்தில் பதிலளிக்க இருபது வேலை நாட்கள் உண்டு. அந்தப் பதிலில் பொதுவான வருத்தம் தெரிவிப்பதால் பயனில்லை. கடிதத்தில் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எண்ணிட்டு, தவறு நடந்திருந்தால் ஒப்புக்கொண்டு திருத்தியதற்கான சான்றையும், நடக்கவில்லையென்றால் மறுப்பதற்கான ஆவணத்தையும் இணைத்து எழுதுங்கள். ரத்து செய்யப்பட்டபின் மேல்முறையீடு கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிப்புனராய்வைக் கோருவது ஒன்றே வழி. மீண்டும் விண்ணப்பிக்கக் குறைந்தது பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இடைநிறுத்தக் காலத்தில் புதிய சிஓஎஸ் வழங்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் பணியாளர்கள் வேலையைத் தொடரலாம், உங்கள் கடமைகளும் தொடரும். ஆனால் லைசென்ஸ் ரத்தானால், அவர்களுடைய விசா காலம் பொதுவாக 60 நாட்களாகச் சுருக்கப்படும்; அதற்குள் புதிய ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையென்றால் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆகவே இடைநிறுத்தக் கடிதம் வந்த வாரத்திலேயே பணியாளர்களைக் கூட்டி, நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரத்து உத்தரவு வந்த பிறகு சொன்னால், வேறு வேலை தேட அவர்களுக்கு இருந்திருக்கக்கூடிய வாரங்களை நீங்களே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.